இசைவு என்று எழுதப்பட்டது

கணவனின் உடல் வீட்டுக்குள் கிடக்கிறது. மனைவிக்கு 13 வயது. ஒரு பையனைத் தத்தெடுக்கச் சம்மதித்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவினர்கள் மறிக்கிறார்கள். அவள் சம்மதிக்கிறாள். ‘ரங்கநாயகம்மா எதிர் ஆழ்வார் செட்டி’ என்ற பெயரில் 1889இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு இது. அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சட்டக் கல்லூரிக் கையேடுகளில் இது இரண்டு வரி. மாணவர்கள் படித்துவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விடுகிறார்கள்.

தமிழ் படித்தவள் நான், சட்டம் படித்தவளல்ல. ஆனாலும் அந்தக் கையேடுகளைப் புரட்டும்போது ஒன்று கண்ணில் படுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் பெரும்பாலான பக்கங்களில் வணிகர்களும் சரக்கு மூட்டைகளும் கப்பல்களும்தான் இருக்கின்றன. ‘இசைவு’ என்ற அத்தியாயம் வந்ததும் பெண்கள் வந்துவிடுகிறார்கள். இசையாமல் இசைந்தவர்களாக.

அந்தப் பிணத்தை ஏன் மறித்தார்கள் என்பதைக் கையேடு சொல்வதில்லை. ஆண்பிள்ளை இல்லாமல் கணவன் இறந்தால், அவன் தனிச்சொத்தை அன்றைய இந்து சட்டப்படி விதவை தன் ஆயுள் வரைக்குமாவது வைத்திருக்கலாம். தத்துப்பிள்ளை வந்துவிட்டால் சொத்து அவனுக்கு. இவளுக்கு மிஞ்சுவது ஜீவனாம்சம். ஆக, அந்த வீட்டில் கேட்கப்பட்டது ஒரு பிள்ளைக்கான இடம் மட்டுமல்ல. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1868இல் ராமநாதபுரம் ஜமீன் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், தென்னாட்டு விதவை கணவன் அனுமதி தந்திராவிட்டாலும் அவன் பங்காளிகளின் சம்மதத்தோடு தத்தெடுக்கலாம் என்றது. அவள் விரும்பினால் ஆண்களின் சம்மதம் வேண்டும். அவர்கள் விரும்பினால் அவள் சம்மதத்தை வாங்கிக்கொள்ளலாம். பிணத்தை வைத்துக்கொண்டாவது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் கெட்டுப்போவதில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று செல்லாநிலை: தொடக்கத்திலிருந்தே அது ஒன்றுமில்லை, கிழித்துப்போடக்கூட வேண்டியதில்லை. சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் செய்தது அப்படி. உரிய வயது நிரம்பாதவர் செய்ததும் அப்படித்தான் என்று 1903இல் மோஹரி பீபி வழக்கில் முடிவாயிற்று. மற்றது தவிர்தகு நிலை: வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்யுரை இவற்றால் பெற்ற இசைவு. இது தானாகச் சாகாது. ஏமாற்றப்பட்டவர் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று எழுந்து சொல்லும்வரை முழு உயிரோடு இருக்கும். சொல்லாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். வாய் திறக்கவிடாமல் வாங்கிய கையெழுத்தை, வாய் திறந்துதான் கலைக்க வேண்டும்.

தகாத செல்வாக்கை நிரூபிப்பது கடினம் என்பதால் சில உறவுகளில் அதை நீதிமன்றமே ஊகித்துக்கொள்ளும். பெற்றோரும் பிள்ளையும், குருவும் சீடரும், வக்கீலும் கட்சிக்காரரும், மருத்துவரும் நோயாளியும். கணவனும் மனைவியும் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கிலாந்தில் 1909இல் ஹவ்ஸ் எதிர் பிஷப் வழக்கில் இதை வெளிப்படையாகவே சொன்னார்கள். குரு சொன்னால் சீடன் மறுக்க முடியாது என்று புரிந்தவர்களுக்கு, கணவன் நீட்டிய தாளை மனைவி மறுக்க முடியாது என்பது மட்டும் சாட்சி வைத்து நிறுவ வேண்டிய செய்தியாக இருந்தது.

இந்தியாவில் ஒரு விலக்கு இருந்தது: கோஷாப் பெண்கள், சட்ட மொழியில் ‘பர்தாநஷீன்’. திரைக்குள் வாழும் பெண் எழுதிக்கொடுத்த பத்திரத்தை வைத்து உரிமை கேட்பவர், அது அவளுக்குப் படித்து விளக்கப்பட்டது, அவள் புரிந்துதான் செய்தாள் என்று தானே நிரூபிக்க வேண்டும். இந்த வரிசையில் முதலில் எடுத்துக்காட்டப்படும் வழக்குகளில் ஒன்று 1867இல் பிரிவி கவுன்சில் தீர்த்த ஷம்சுன்னிஸா பேகத்தின் வழக்கு. அவருடைய அரசுக் கடன் பத்திரங்கள் கணவர் முன்ஷி பஸ்லூர் ரஹீம் கைக்குப் போயிருந்தன. மனைவியிடம் விலைகொடுத்து வாங்கியதாக அவர் சொன்னார். அதை அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்றது கவுன்சில், அவரால் முடியவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல கதை. அதே தம்பதியின் அதே வழக்குத் தொடரில்தான், தன்னை விட்டுப் போன மனைவியைத் திரும்பி வரச் சொல்லி முஸ்லிம் கணவன் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்ற கொள்கையும் நிலைபெற்றது. பத்திரத்தின் மீது அவள் உரிமை காக்கப்பட்டது. அவள் மீது அவன் உரிமையும் காக்கப்பட்டது. ஒப்பந்தச் சட்டக் கையேடு முதல் பாதியை எடுத்துக்கொண்டது, குடும்பச் சட்டக் கையேடு மறுபாதியை. இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் பாடத்திட்டத்தை நான் பார்த்ததில்லை.

கோஷாப் பாதுகாப்புக்கு ஒரு விலை இருந்தது. 1906இல் ஹாஃபிஸ் பூ என்ற பெண்ணைப் பற்றிய வழக்கில், நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னவள், குடித்தனக்காரர்களிடம் வாடகை பேசி வசூலித்தவள், வேற்று ஆண்களோடு காரியம் பேசியவள் கோஷாப் பெண்ணாக மாட்டாள் என்று பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. வாடகை வசூலிக்கத் தெரிந்தவளை வீட்டுக்குள் யாரும் மிரட்ட முடியாது என்பது அவர்கள் கணக்கு. பாதுகாப்பு வேண்டுமானால் ஒன்றும் தெரியாதவளாக இருக்க வேண்டும். நம் இடைக்காலக் கல்வெட்டுகளிலும் நிலம் விற்கும் பெண்கள் சிலர் ‘முதுகண்’ என்ற ஆண் துணையோடுதான் நிற்கிறார்கள். நிலம் அவளுடையது, பார்க்கும் கண் அவனுடையது. திரைக்குள் இருந்தவளின் அறியாமையைப் பரிவோடு பேசிய நீதிபதிகளைவிட, ரங்கநாயகம்மா வழக்கில் அவளுக்கு என்ன செய்யப்பட்டது என்று பார்த்தவர்களே எனக்கு நேர்மையாகப் படுகிறார்கள்.

அந்தப் பார்வை இன்னொரு முறையும் சென்னையில் வெளிப்பட்டது. 1918ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த ‘சிக்கம் அம்மிராஜு எதிர் சிக்கம் சேஷம்மா’ வழக்கு. மனைவியும் மகனும் தங்களுடையது என்று சொன்ன சொத்தை, கணவனின் சகோதரனுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதித் தர வேண்டும். தராவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன் என்றான் கணவன். எழுதிக்கொடுத்தார்கள். தண்டனைச் சட்டம் தடுக்கும் செயலைச் செய்வதாக மிரட்டுவதே வற்புறுத்தல் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. தற்கொலை அப்படித் தடுக்கப்பட்டதா? தற்கொலை முயற்சியும் அதற்குத் தூண்டுவதும் குற்றமாக இருக்கும்போது தற்கொலை மட்டும் தடுக்கப்படாதது என்று சொல்ல முடியாது என்றார்கள் தலைமை நீதிபதி வாலிஸும் நீதிபதி சேஷகிரி ஐயரும். பத்திரம் நிற்கவில்லை. நீதிபதி ஓல்ட்ஃபீல்ட் உடன்படவில்லை. செத்தவனைத் தண்டிக்க முடியாது, மிரட்டலுக்கும் தண்டனை இல்லை, 15ஆம் பிரிவை விரித்துப் படிக்கக் கூடாது என்பது அவர் வாதம். சட்டச் சொல்லுக்கு அவர் விசுவாசமாக இருந்தார் என்பதை மறுக்க முடியாது. ‘நான் செத்துப்போவேன்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மனைவி எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பது அந்தப் பிரிவில் எழுதியிருக்கவில்லை.

விடுதலைப் பத்திரம் இன்றும் சார்பதிவாளர் அலுவலகங்களில் அன்றாடம் எழுதப்படுவது. தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு சட்டமான பிறகு, அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கை எழுதித் தரும் பத்திரமாகவே அது பல வீடுகளில் இருக்கிறது. பிறந்த வீடு வேண்டுமா, பங்கு வேண்டுமா என்ற கேள்வி யாரும் வாய்விட்டுக் கேட்காமலே அங்கே நிற்கும். தண்டனைச் சட்டம் எதுவும் அதைத் தடுக்கவில்லை. ஆகவே 15ஆம் பிரிவுக்குள் அது வராது. பதிவுச் சட்டப்படி அதிகாரி விசாரிக்க வேண்டியது, எழுதிக்கொடுத்தது இவர்தானா என்று. மனமொப்பித்தானா என்று துருவுவது அவர் வேலையல்ல. பத்திரத்திலேயே அது அச்சடித்தாற்போல் இருக்கும்: ‘யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல், முழு மனதுடன்.’

பிறகு அவள் அதைக் கலைக்க நினைத்தால் காலவரையறைச் சட்டம் தருவது மூன்று ஆண்டுகள். கலைப்பதற்கான காரணம் அவளுக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஏமாற்றி வாங்கியது பல ஆண்டு கழித்துத் தெரியவரலாம். மிரட்டி வாங்கியது எழுதிய அன்றே அவளுக்குத் தெரியும். மிரட்டியவர்களோடு அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த மூன்று ஆண்டுகளும் ஓடத் தொடங்கிவிடுகின்றன.