ஸ்டம்ஹைம் சிறையில் ஒரு மரணம்: விசாரணை முடிந்தது, சந்தேகம் முடியவில்லை

1976 ஆம் ஆண்டு மே மாதம் 9 ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள ஸ்டம்ஹைம் சிறையின் ஏழாவது மாடியில், 719 ஆம் எண் அறையைக் காலையில் திறந்த சிறை ஊழியர்கள், அதிலிருந்த பெண் கைதி ஜன்னல் கம்பியில் தூக்கில் தொங்கிய நிலையில் இறந்திருப்பதைக் கண்டனர்.

இறந்தவர் உல்ரிகே மைன்ஹோஃப். வயது 41. நாட்டின் மிகக் கடுமையான பாதுகாப்புக் கொண்ட சிறை ஒன்றில், நாடே கவனித்துக்கொண்டிருந்த ஒரு வழக்கின் நடுவே நேர்ந்த மரணம் அது.

அவர் தற்கொலை செய்துகொண்டார் என்று அதிகாரிகள் அன்றே அறிவித்தனர். அடுத்த மாதமே விசாரணை முடித்துவைக்கப்பட்டது. ஆயினும் அந்த மரணம் குறித்த கேள்விகள் பல பத்தாண்டுகள் நீடித்தன. சிறைக்குள் நேரும் மரணத்தை யார், எவ்வாறு விசாரிக்க வேண்டும் என்ற விவாதத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் வழக்குகளில் இதுவும் ஒன்று.

பத்திரிகையாளர், பின்னர் தலைமறைவுப் போராளி

1934 இல் ஓல்டன்பர்க் நகரில் பிறந்த மைன்ஹோஃப், "கொன்க்ரெட்" என்ற இடதுசாரி இதழின் ஆசிரியராகவும் பத்தி எழுத்தாளராகவும் 1960களில் புகழ் பெற்றவர். 1970 மே 14 அன்று, சிறைத் தண்டனை அனுபவித்துவந்த அந்திரேயாஸ் பாடரை பெர்லினில் ஆயுத பலத்துடன் விடுவித்த நடவடிக்கையில் பங்கேற்ற பின் அவர் தலைமறைவானார். அதிலிருந்து உருவான குழு தன்னைச் செம்படைப் பிரிவு என்று அழைத்துக்கொண்டது. ஊடகங்கள் அதனைப் பாடர்-மைன்ஹோஃப் குழு என்றன.

1972 மே மாதத்தில் அக்குழு நடத்திய குண்டுத் தாக்குதல்களில் அமெரிக்கப் படையினர் நால்வர் கொல்லப்பட்டனர். மேலும் பலர் காயமடைந்தனர். அடுத்த மாதம் 15 ஆம் தேதி ஹனோவர் நகருக்கு அருகே மைன்ஹோஃப் கைது செய்யப்பட்டார். பாடரை விடுவித்த வழக்கில் 1974 நவம்பரில் அவருக்கு எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குண்டுத் தாக்குதல்கள் தொடர்பான பிரதான வழக்கு 1975 மே 21 அன்று ஸ்டம்ஹைமில் தொடங்கியது. அவர் இறந்தபோது அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது.

ஓசையற்ற தனிமை

அவரது சிறைவாழ்வின் முதற்கட்டமே சர்ச்சைக்குரியதாக இருந்தது. 1972 ஜூன் முதல் 1973 பிப்ரவரி வரை, கொலோன் நகரின் ஓசன்டோர்ஃப் சிறையில், பெண்களுக்கான மனநலப் பிரிவில், ஏனைய கைதிகள் எவரும் இல்லாத பகுதியில் அவர் வைக்கப்பட்டிருந்தார். பிற மனிதரின் குரலோ காலடி ஓசையோ எட்டாத அந்த இடத்தைக் கைதிகளும் வழக்கறிஞர்களும் "செத்த பிரிவு" என்று அழைத்தனர்.

இக்குழுவைச் சேர்ந்த கைதிகளின் சிறை நிலைமை குறித்த முறைப்பாட்டை ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1978 ஜூலையில் நிராகரித்தது. புலன்கள் யாவற்றையும் முடக்கும் தனிமை, மனிதத் தொடர்பே இல்லாத தனிமையோடு சேரும்போது அது மனித ஆளுமையைச் சிதைக்கக் கூடியது, எக்காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாதது என்று ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஆனால் தன் முன் வந்த மனுதாரர்கள் அத்தகைய நிலையில் வைக்கப்படவில்லை என்று அது முடிவு செய்தது. மனுதாரர்களான பாடர், குட்ரூன் என்ஸ்லின், யான்-கார்ல் ராஸ்பே ஆகிய மூவரும் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தனர்.

இரண்டு உடற்கூறு ஆய்வுகள்

மைன்ஹோஃபின் உடல் அதே நாளில், அரசுத் தரப்பு ஏற்பாட்டில், இரு தடயவியல் மருத்துவப் பேராசிரியர்களால் ஆய்வு செய்யப்பட்டது. தூக்கிட்டுத் தற்கொலை என்பதே அவர்களது முடிவு. அந்த ஆய்வு தொடங்குவதற்கு முன்னரே, தற்கொலை என்ற அதிகாரபூர்வச் செய்தி ஊடகங்களை எட்டியிருந்தது.

குடும்பத்தின் சார்பில் ஹாம்பர்க் பேராசிரியர் வெர்னர் யான்சன் இரண்டாவது ஆய்வை நடத்தினார். பிறர் தாக்கியதற்கான சான்று எதையும் அவரும் காணவில்லை. எனினும் ஒருமுறை திறந்து ஆராயப்பட்ட உடலில் இரண்டாவது மருத்துவர் காணக்கூடியவை குறைவு. கழுத்துப் பகுதியின் மெல்லிய திசுக்கள் முதல் ஆய்விலேயே வெட்டி எடுக்கப்பட்டுவிடும். எனவே முதல் ஆய்வின்போது யார் உடனிருந்தார்கள் என்பது சிறை மரணங்களில் பெரும் முக்கியத்துவம் பெறுகிறது. இவ்வழக்கில் குடும்பத்தின் நம்பிக்கைக்குரிய மருத்துவர் எவரும் அப்போது உடனிருக்கவில்லை.

1976 ஜூனில் ஸ்டுட்கார்ட் அரசு வழக்குத் தொடுநர் அலுவலகம் விசாரணையை முடித்துக்கொண்டது.

சர்வதேச ஆணைக்குழு

அம்முடிவை ஏற்காத உறவினர்களும் வழக்கறிஞர்களும் ஒரு சர்வதேச விசாரணை ஆணைக்குழு அமைவதற்கு வழிசெய்தனர். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் குளோட் பூர்டே உள்ளிட்ட பல நாட்டவர் அதில் இடம்பெற்றனர். 1978 டிசம்பரில் வெளியான அதன் அறிக்கை, மைன்ஹோஃப் தூக்கிட்டு இறந்தார் என்ற அரசின் கூற்று நிரூபிக்கப்படவில்லை என்றது. அவர் தொங்கவிடப்பட்டபோது ஏற்கெனவே இறந்திருக்கக்கூடும் என்றும் அது கருதியது. மூச்சுத்திணறி இறப்பவர்களிடம் எதிர்பார்க்கப்படும் சில அடையாளங்கள் காணப்படாததை அது முக்கியமாகச் சுட்டிக்காட்டியது.

இந்த ஆணைக்குழுவுக்கும் வரம்புகள் இருந்தன. சாட்சிகளை அழைக்கவோ ஆவணங்களைக் கோரவோ அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. அதன் உறுப்பினர்கள் உடலையும் நேரில் ஆராயவில்லை. அரசியல் சார்புள்ள ஆணைக்குழு என்ற விமர்சனமும் எழுந்தது.

தற்கொலை என்ற முடிவையே இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கின்றனர். அவருக்கும் சக கைதிகளுக்கும், குறிப்பாக என்ஸ்லினுக்கும் இடையே இறுதி மாதங்களில் கசப்பு முற்றியிருந்ததைப் பின்னர் வெளியான சிறைக் கடிதங்கள் காட்டின. ஆனால் அவர் தற்கொலைக் கடிதம் எதையும் விட்டுச் செல்லவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் மறைந்திருந்த உண்மை

மே 15 அன்று பெர்லினில் மைன்ஹோஃப் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் முழு உடலும் அடக்கம் செய்யப்படவில்லை என்பது 2002 இல்தான் தெரியவந்தது. உடற்கூறு ஆய்வின்போது எடுக்கப்பட்ட மூளை, குடும்பத்துக்குத் தெரியாமல் டூபிங்கன் நகரின் நரம்பியல் நோய்க்கூறு நிபுணர் ஒருவரிடம் பாதுகாக்கப்பட்டிருந்தது. 1997 இல் அது மக்டபர்க் நகருக்கு மேலதிக ஆய்வுக்காக அனுப்பப்பட்டது.

1962 இல் மைன்ஹோஃபுக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதனால் ஏற்பட்ட பாதிப்பு அவரது பிற்கால நடத்தையை மாற்றியதா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. பத்திரிகையாளரான அவரது மகள் விஷயத்தை வெளிக்கொணர்ந்ததை அடுத்து, 2002 டிசம்பரில் மூளையின் எச்சங்கள் தாயின் கல்லறையில் சேர்க்கப்பட்டன.

இந்தத் தகவல் மரணத்துக்கான காரணத்தை மாற்றவில்லை. ஆயினும் 1976 இல் முடிந்துபோனதாக அறிவிக்கப்பட்ட விசாரணை, உறவினர்களிடமிருந்து எதையோ மறைத்திருந்தது என்பது அதன் மூலம் உறுதியானது.

மற்ற பெண் கைதிகள்

அதே காலகட்டத்தில் வேறு சில பெண் கைதிகளின் மரணங்களும் கேள்விக்குள்ளாயின. மேற்கு பெர்லின் பெண்கள் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த கத்தரீனா ஹாமர்ஷ்மிட் 1973 இல் நோயுற்றார். சிறை மருத்துவர்கள் அவரது கட்டியை உரிய காலத்தில் கண்டறியத் தவறினர் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. வெளி மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட அவர் 1975 ஜூனில் இறந்தார். 1977 நவம்பரில் மியூனிக் நகரின் ஸ்டாடல்ஹைம் சிறையில் இங்ரிட் ஷூபர்ட் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், 1977 அக்டோபர் 18 அன்று, ஸ்டம்ஹைமில் பாடர், என்ஸ்லின், ராஸ்பே ஆகியோர் மரணமடைந்தனர். இர்ம்கார்ட் மொல்லர் என்ற பெண் கைதி படுகாயங்களுடன் உயிர் தப்பினார். இம்முறை அதிகாரிகள் வேறு வழிமுறையைக் கையாண்டனர். உடற்கூறு ஆய்வைக் கவனிக்க வெளிநாட்டு நிபுணர்கள் அழைக்கப்பட்டனர். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலச் சட்டமன்றம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. மாநில நீதி அமைச்சர் டிராவ்காட் பெண்டர் பதவி விலகினார். தற்கொலை என்ற முடிவே மீண்டும் எட்டப்பட்டது. அதனை மொல்லர் தொடர்ந்து மறுத்துவந்தார். விசாரணையை மீண்டும் தொடங்கக் கோரிய மனுவை வழக்குத் தொடுநர்கள் 2013 இல் நிராகரித்தனர்.

யார் யாரை விசாரிப்பது?

பிரிட்டனில் உள்ளதுபோன்ற கொரோனர் எனப்படும் மரண விசாரணை நீதிபதி ஜெர்மனியில் இல்லை. இயற்கைக்கு மாறான மரணம் என்ற ஐயம் எழுந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 159 ஆம் பிரிவின்படி அரசு வழக்குத் தொடுநருக்கோ உள்ளூர் நீதிமன்றத்துக்கோ உடனே தெரிவிக்கப்பட வேண்டும். 87 ஆம் பிரிவின்படி உடற்கூறு ஆய்வை இரு மருத்துவர்கள் நடத்த வேண்டும். இறந்தவருக்கு இறுதியாகச் சிகிச்சை அளித்த மருத்துவர் அதைச் செய்யக் கூடாது.

விதிகள் தெளிவானவை. சிக்கல் நிர்வாக அமைப்பில் இருக்கிறது. ஜெர்மனியில் சிறைகள் மாநில நீதி அமைச்சின் கீழ் வருகின்றன. வழக்குத் தொடுநர்களும் அதே அமைச்சின் அறிவுறுத்தலுக்கு உட்பட்டவர்கள். சிறையில் தவறு நடந்ததா என்று ஆராய்பவரும் சிறையை நடத்துபவரும் ஒரே அமைச்சருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஜெர்மன் வழக்குத் தொடுநர்கள் அரசின் செல்வாக்கிலிருந்து போதிய அளவு சுதந்திரமானவர்கள் அல்லர், எனவே ஐரோப்பியப் பிடியாணைகளை அவர்கள் பிறப்பிக்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சிறை மரணங்களைப் பற்றியதல்ல. ஆனால் சுட்டப்பட்ட குறை அங்கும் பொருந்துகிறது.

விசாரணை கைவிடப்பட்டால் உறவினர்கள் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் பயனளிக்காவிட்டால் மாநில உயர் நீதிமன்றத்தை அணுகி, குற்ற வழக்குத் தொடருமாறு கட்டாயப்படுத்தக் கோரலாம். ஆனால் குற்றம் புரிந்ததாகச் சொல்லத்தக்க ஒருவரைச் சுட்டாமல் அவ்வழியில் வெற்றி பெறுவது அரிது. மரணம் எப்படி நேர்ந்தது என்பதை மட்டும் பகிரங்கமாக ஆராயும் மன்றம் அங்கு இல்லை.

பிற நாடுகளின் வழிமுறைகள்

இங்கிலாந்தில் அத்தகைய மன்றம் உண்டு. அங்கு ஸ்டையல் பெண்கள் சிறையில் 2002 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்குள் ஆறு பெண்கள் இறந்தனர். அவர்களது மரணங்களை விசாரித்த கொரோனர் எழுப்பிய கவலைகள், ஜீன் கோர்ஸ்டன் தலைமையிலான ஆய்வுக்கு வழிவகுத்தன. 2007 மார்ச்சில் வெளியான கோர்ஸ்டன் அறிக்கை, மனநலப் பாதிப்பும் வன்முறை அனுபவமும் உள்ள பெண்களைச் சிறைக்கு அனுப்பும் வழக்கத்தையே கேள்விக்குள்ளாக்கி 43 பரிந்துரைகளை முன்வைத்தது.

இந்தியாவில் காவலில் நேரும் மரணங்களை நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்று 2005 இல் சட்டம் திருத்தப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அதைத் தொடர்கிறது. 2020 ஜூனில், சாத்தான்குளம் போலீஸாரால் கைது செய்யப்பட்டு கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த தந்தையும் மகனும் இறந்தபோது, மாஜிஸ்திரேட்டிடம் பெண் காவலர் ஒருவர் அளித்த சாட்சியம் திருப்புமுனையாக அமைந்தது. 2017 ஜூனில் மும்பை பைக்குலா பெண்கள் சிறையில் ஒரு கைதி இறந்தபோது, சக கைதிகள் திரண்டு குரல் எழுப்பினர். அதன் பின்னர் சிறை ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர்.

சட்டம் இருந்தால் போதாது, உள்ளிருந்து பேசத் துணியும் சாட்சிகளும் அவர்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. மைன்ஹோஃபின் வழக்கில், அந்த இரவில் அவரது அறைக்குள் நடந்ததைக் கண்ட சாட்சி எவருமில்லை.

இன்றைய அளவுகோல்

காவலில் உள்ள ஒருவர் இறந்தால் அதற்கு விளக்கம் தர வேண்டிய கடமை அரசுடையது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் துருக்கி தொடர்பான சல்மான் வழக்கில் வலியுறுத்தியது. அடுத்த ஆண்டு, பிரிட்டன் தொடர்பான ஜோர்டன் வழக்கில், முறையான விசாரணைக்குரிய தகுதிகளை அது வரிசைப்படுத்தியது. விசாரிப்பவர் சம்பவத்தில் தொடர்புடையவர்களிடமிருந்து சுதந்திரமானவராக இருக்க வேண்டும். விசாரணை விரைவாகவும், பொறுப்பானவர்களைக் கண்டறியும் திறனுடனும் நடக்க வேண்டும். பொதுமக்கள் அதைக் கவனிக்க ஓரளவேனும் வழி இருக்க வேண்டும். இறந்தவரின் நெருங்கிய உறவினர்களுக்கு அதில் இடமளிக்கப்பட வேண்டும். சிறை மரணத்தைச் சிறை நிர்வாகம் சாராத அதிகாரிகளிடம் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று 2015 இல் ஏற்கப்பட்ட ஐ.நா.வின் மண்டேலா விதிகளும் கூறுகின்றன.

1976 மே மாதத்தில் ஸ்டுட்கார்ட்டில் நடந்த விசாரணையை இந்த அளவுகோலால் மதிப்பிட்டால், விரைவு என்ற ஒன்றைத் தவிர மற்றவற்றில் அது பின்தங்கியிருந்தது தெரியும். அதன் முடிவு சரியானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் முதல் உடற்கூறு ஆய்வு மேசையருகே குடும்பத்தின் மருத்துவர் ஒருவருக்கு இடமளித்திருந்தால், அந்த முடிவை நம்புவதற்குக் குடும்பத்துக்கும் நாட்டுக்கும் ஒரு காரணம் கிடைத்திருக்கும்.