ஹின்டன்பேர்க்: இரண்டு வாயுக்களின் கணக்கு

1937 மே 6ஆம் திகதி மாலை, அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்திலுள்ள லேக்ஹேர்ஸ்ட்டில் தரையிறங்க வந்த ஜேர்மன் ஆகாயக்கப்பல் ஹின்டன்பேர்க் தீப்பற்றியது. எரிந்து விழ ஒரு நிமிடம் கூட எடுக்கேல்லை. கப்பலில் இருந்த 97 பேரில் 35 பேரும் தரையில் நின்ற ஒருவரும் இறந்தார்கள். பொறி எங்கேயிருந்து வந்தது என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். எரியக்கூடிய ஐதரசனை ஏன் நிரப்பினார்கள் என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

முதலில், எவ்வளவு வெப்பம்? கலைப்பிரிவுக்காரருக்கும் விளங்கக்கூடிய கணக்குத்தான். கப்பலின் வாயுக் கொள்ளளவு சுமார் 2 லட்சம் கன மீற்றர், அதாவது 20 கோடி லீற்றர். ஐதரசனை இலட்சிய வாயுவாக எடுத்துக்கொண்டால், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில், 25 பாகை செல்சியசில் ஒரு மூல் சுமார் 24.5 லீற்றர் இடம் பிடிக்கும். வகுத்தால், முழுதாய் நிரம்பிய கப்பலில் கிட்டத்தட்ட 82 லட்சம் மூல். ஒரு மூல் ஐதரசன் எரிந்து நீராவியாகும்போது 242 கிலோயூல் வெளிவரும். பெருக்கினால் சுமார் 200 கோடி கிலோயூல். ஏறத்தாழ 60,000 லீற்றர் பெற்றோலை எரித்ததற்குச் சமன்.

இதே சமன்பாடு இன்னொன்றும் சொல்கிறது. அமுக்கமும் வெப்பநிலையும் ஒன்றென்றால், எந்த வாயுவை நிரப்பினாலும் மூல் எண்ணிக்கை ஒன்றுதான். ஒரு மூல் வளி 29 கிராம், ஐதரசன் 2, ஈலியம் 4. ஆக ஐதரசன் மூலுக்கு 27 கிராம் தூக்கும், ஈலியம் 25 கிராம் தூக்கும். தூக்குவதில் 7 சதவீதம்தான் குறைவு. எரியும் வெப்பமோ பூச்சியம்.

வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. முதலில் ஈலியத்தை நினைத்துத்தான் திட்டமிட்டார்கள். ஆனால் அன்றைக்கு அது பெருமளவில் கிடைத்தது அமெரிக்காவில்தான். 1925ஆம் ஆண்டுச் சட்டம் அதன் ஏற்றுமதியை இறுக்கியது. விலையும் கூட. ஜேர்மனி மலிவான ஐதரசனிடம் போனது.

விபத்துக்குப் பிறகு அமெரிக்கா சட்டத்தைத் தளர்த்தியது. ஆனால் 1938 மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்திரியாவை இணைத்ததும், உள்துறைச் செயலாளர் ஹரல்ட் இக்கிஸ் விற்க மறுத்துவிட்டார். அடுத்த கப்பலும் ஐதரசனோடுதான் பறந்தது; 1940இல் உடைக்கப்பட்டது.

வாலில் சுவஸ்திகா வரைந்த கப்பல்களுக்கு வாயு கொடுக்காதது பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1925இல் ஹிட்லர் ஆட்சியிலேயே இல்லை. ஒரு நாடு தன் இராணுவத் தேவைக்காக ஈலியத்தைப் பூட்டி வைத்தது. இன்னொரு நாடு ஆபத்து தெரிந்தும் ஆட்களை ஏற்றிப் பறக்கவிட்டது. பொறியை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இந்த இரண்டு முடிவுகளும் கண்ணில் படாது.