விரலும் செவியும் படித்த கதை

கணிப்பொறியின் விசைப்பலகை தட்டச்சு இயந்திரத்தின் வழிவந்தது. அவ்வியந்திரத்தின் பழைய வடிவங்களுள் ஒன்று யாருக்காகப் பிறந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 1808-ஆம் ஆண்டளவில் இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர், பார்வையிழந்த கரோலினா என்னும் சீமாட்டி தம் கையாலேயே கடிதம் எழுதும்பொருட்டு அதனை அமைத்தார்.

எழுத வழி கிடைத்தது; படிக்கும் வழியோ? 1824-இல் பிரான்சில், பதினைந்து வயதே நிரம்பிய லூயி பிரெயில் ஆறு புள்ளிகளால் அதனை வகுத்தார். இந்தியாவில் இம்முறை பலவாறாகப் பிரிந்து வழங்கிற்று. 1951-இல் பாரதி பிரெயில் இவ்வேற்றுமையைக் களைந்தது. தமிழ்க் ககரத்துக்கும் இந்திக் ககரத்துக்கும் புள்ளி ஒன்றே. கண்ணுக்கு வேறாய் நின்றவை விரலுக்கு ஒன்றாயின.

அடுத்துச் செவியின் முறை வந்தது. 1976-இல் அமெரிக்கரான ரே கர்ஸ்வைல், அச்சு நூலை உரக்கப் படிக்கும் இயந்திரத்தை வெளியிட்டார். 2006-இல் ஆஸ்திரேலியாவில், பார்வையற்றவரான மைக்கேல் கரன், கணிப்பொறித் திரையைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அது விலையின்றியே வழங்கப்படுகிறது.

ஆயினும் தாளைப் படமெடுத்து அனுப்பினால், அப்படத்தை மீண்டும் எழுத்தாக்கினாலன்றி அம்மென்பொருள் வாய் திறவாது. நாம் செப்பமாக மொழிபெயர்த்த சுற்றறிக்கைகளைப் பல்லாண்டு அவ்வாறே அனுப்பி வந்தோம். பார்வையற்ற நண்பர் ஒருவர், "எனக்குரிய சலுகையைக் கூறும் ஆணையே என்னிடம் ஊமையாகிவிட்டதே!" என்றார். அன்று முதல் எழுத்தை எழுத்தாகவே அனுப்புகிறோம்.