நொய்யல் மீனும் ஒரு கேள்வியும்

சென்னை, பெங்களூர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான்: "ஆத்து மீன், குளத்து மீன் சாப்பிடலாமுங்களா?" மீனைப் பத்திக் கேக்காதீங்க, அது வளர்ந்த தண்ணியைப் பத்திக் கேளுங்கன்னு சொல்லுவேன். நொய்யல் பக்கம் இருக்கிற எங்களுக்கு அது பட்டுத் தெரிஞ்ச பாடம்.

வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேர்கிற ஆறு இது. கோடையில் குளம் வத்தும்போது கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் கூடை கூடையாகப் பிடிப்பாங்க. சேத்து வாடை போக உப்பும் புளியும் போட்டு உரசிக் கழுவினால் போதும். மீன் நல்லதா கெட்டதா என்ற பேச்சே அப்போது கிடையாது.

பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக சாயக்கழிவு ஆற்றில் இறங்கியது. 1992-ல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினாங்க. தேங்கியது சாயத்தண்ணிதான். தண்ணியைத் திறந்து விடுங்கன்னு போராடுறதுதான் விவசாயி வழக்கம். இந்த ஒரு அணைக்கு மட்டும் திறக்காதீங்கன்னு போராட்டம் நடந்தது! சுத்துப்பட்டுக் கிணறெல்லாம் உப்பு. அணையில் மீன் செத்து ஒதுங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கிறவங்க மட்டும் திறக்கலாம் என்று ஆனது.

செத்த மீனை யாரும் குழம்பு வைக்கப்போறதில்லை. பிழைத்துக் கிடக்கிற மீன்தான் யோசிக்க வைக்கிறது. கிருமி, புழு எல்லாம் நல்லா வேகவைத்தால் செத்துப்போகும். ஈயம், காட்மியம், பாதரசம் அப்படியில்லை. எத்தனை கொதி வந்தாலும் போகாது. மீனின் ஈரலிலும் செவுளிலும் காட்மியம் மாதிரி உலோகங்கள் சதையைவிட அதிகம் சேரும். பாதரசம் சதையிலேயே தங்கும். அதுவும் சின்ன மீனைத் தின்று வளர்கிற விரால் மாதிரி மீனில் கூடுதல்.

"துள்ளுது பாருங்க, ஃப்ரெஷ்"னு டவுன்ல ஏமாத்துறாங்க. ஆப்பிரிக்கக் கெளுத்தி மேலே வந்து காத்தை உறிஞ்சி, சாக்கடையிலும் உயிரோடு கிடக்கும். நம்ம ஊர் மீன்களைத் தின்னு தீர்த்துடும்னு 2000-ல் மத்திய அரசு அதை வளர்க்கத் தடை போட்டது. இன்னும் திருட்டுத்தனமா வளர்த்து விக்கறாங்க.

பட்டறைக் கழிவோ சாக்கடையோ கலக்காத, மழைத்தண்ணி நிக்கிற குட்டை மீன்னா நான் வாங்குவேன். குடலும் செவுளும் மிச்சமில்லாம எடுத்துட்டு, நல்லா கொதிக்கவிட்டுச் சாப்பிடறோம். நொய்யல்ல பிடிச்சதுன்னு யாராவது கொண்டுவந்தா, எங்க வீட்டம்மா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.