இராஜாஜியும் அரசின் எல்லையும்

அரசாங்கம் எவ்வளவு பெரியதாக இருக்கலாம்? மக்கள் வாழ்வில் அது எவ்வளவு தூரம் நுழையலாம்? ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக விடை காண வேண்டிய கேள்விகள் இவை.

அமெரிக்க நாட்டில் 1923 முதல் 1929 வரை குடியரசுத் தலைவராக இருந்த கால்வின் கூலிட்ஜ் இவற்றிற்கு ஒரு தெளிவான விடை தந்தார். வரியைக் குறைத்தல், செலவைச் சுருக்குதல், கடனை அடைத்தல், தொழிலில் தலையிடாதிருத்தல் ஆகியவையே அவர் கொள்கை. நம் நாட்டில் இக்கொள்கைக்கு நெருங்கிய ஒன்றை வற்புறுத்திய பெரியார் யார் என்று என்னிடம் கேட்டால், எங்கள் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்து வாழ்ந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரையே சொல்வேன். ஆனால் அவர் கொள்கை நூல்களிலிருந்து மட்டும் பிறந்ததன்று. ஆளும் பொறுப்பை ஏற்று, சில இடங்களில் வென்று, சில இடங்களில் தோற்று அவர் அடைந்த அறிவு அது என்பது என் கருத்து.

இராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசூருக்கு அருகே, தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கற்று, 1900-ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞரானார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் தோன்றியதும், பொருள் குவிந்த தொழிலை உதறிவிட்டுச் சிறை சென்றார்.

1925-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கூலிட்ஜ் வாஷிங்டன் நகரில் மறுமுறை பதவி ஏற்றார். அதற்கு முந்தின மாதம் இராஜாஜி புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அது அப்போது மழை பொய்த்த பூமி. கேணிகள் வற்றின, உழவருக்கு வேலை இல்லை. ஆசிரமம் வீடுதோறும் பஞ்சு கொடுத்து, நூற்ற நூலுக்குக் கூலி தந்தது. அந்நூலைக் கதராக நெய்வித்து விற்றது. நோயாளிகளுக்கு மருந்தளித்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் பிறரும் அங்கே ஒன்றாக வாழ்ந்தனர். அந்நாளில் ஊரார் அதனை எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை. மதுவிலக்கைப் பரப்புவதற்கென்றே 'விமோசனம்' என்ற மாத இதழ் அங்கிருந்து வெளிவந்தது. அதன் பணியில் இராஜாஜிக்குத் துணையாக இருந்தவரே பிற்காலத்தில் புகழ்பெற்ற கல்கி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆணை பிறப்பிக்க இராஜாஜிக்கு அப்போது அதிகாரம் எதுவும் இல்லை. மக்களின் மனத்தை மாற்றியே காரியத்தை நடத்த வேண்டியிருந்தது. அரசு செய்யாத பணியை மக்கள் தாமே கூடிச் செய்யக்கூடும் என்பதற்கு ஆசிரமம் சான்றாயிற்று.

1937-ஆம் ஆண்டு அதிகாரம் அவர் கைக்கு வந்தது. அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கள், சாராய வருமானம் போனதால் ஏற்பட்ட குறையை ஈடுசெய்ய, 1939-ஆம் ஆண்டு பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகைய வரிக்கு அதுவே முன்னோடி. பின்னாளில் அரசின் தலையீட்டை எதிர்த்தவரே அன்று ஒரு குடிப்பழக்கத்தைச் சட்டத்தால் தடுத்து, புதிய வரி ஒன்றையும் கொண்டுவந்தார்! கூலிட்ஜின் அமெரிக்காவிலும் இதே முரண் இருந்தது. தொழிலில் தலையிடாத அந்நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நிலவியது. ஏழைக் குடும்பத்தின் கூலியைக் காப்பது அரசின் கடமைக்குள் அடங்கும் என்று இராஜாஜி கருதினார். அவர் தம் முடிவை இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை. 1971-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, முதிர்ந்த வயதிலும் வேண்டாமென்று மன்றாடினார்.

வேறோர் ஆணையோ தோல்வியாகவே முடிந்தது. 1938-ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். தமிழகம் கொதித்தெழுந்தது. நடராசன், தாளமுத்து என்னும் இருவர் சிறைப்பட்டு உயிர் நீத்தனர். 1940-ஆம் ஆண்டு அவ்வாணை நீக்கப்பட்டது.

நாடு விடுதலை பெற்றபின், 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக விளங்கினார். அப்பதவியில் அமர்ந்த இந்தியர் அவர் ஒருவரே. 1952-ஆம் ஆண்டு சென்னை மாநில முதலமைச்சராக மீண்டும் பொறுப்பேற்றார். போர்க்காலத்தில் தொடங்கிய உணவுக் கட்டுப்பாடு அப்போதும் நீடித்தது. ரேஷன் அட்டையும், கட்டாய நெல் கொள்முதலும், நெல்லை வேற்றிடம் கொண்டுசெல்லத் தடையும் மக்களை வருத்தின. ஜூன் மாதத்தில் இராஜாஜி துணிந்து அக்கட்டுப்பாட்டை எடுத்தார். பஞ்சம் வரும் என்று பலர் அஞ்சினர், வரவில்லை. நெல் சந்தைக்கு வந்தது.

ஆனால் அடுத்த ஆண்டே தொடக்கக் கல்வியில் கை வைத்தார். பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது அவர் திட்டம். எதிர்த்தவர்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். எத்தனையோ தலைமுறைக்குப் பின் பள்ளி வாசலை மிதித்த பிள்ளைக்கு, தந்தையின் தொழிலையே மீண்டும் காட்டுவது நீதியாகுமா என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்வியில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

1959-ஆம் ஆண்டு ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் செய்தது. உழவனின் நிலம் அவன் கையை விட்டுப் போய்விடும் என்று இராஜாஜி அஞ்சினார். எண்பது வயது கடந்த அவர், அவ்வாண்டு ஜூனில் மினு மசானி, என். ஜி. ரங்கா முதலியோருடன் சேர்ந்து சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். தொழில் தொடங்கவும் பொருள் தருவிக்கவும் அரசின் அனுமதியை எதிர்பார்த்து நிற்கும் நிலையைப் 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா இராஜ்யம்' என்று சாடினார். உரிமச்சீட்டு வழங்கும் கை இருந்தால் கையூட்டு வாங்கும் கையும் தோன்றும் என்பதே அவர் வாதத்தின் சாரம். செல்வர்க்கும் ஜமீன்தார்க்கும் உரிய கட்சி என்று மாற்றார் அதனைப் பழித்தனர். எனினும் நாடாளுமன்றத்தில் 1962-ஆம் ஆண்டு 18 இடங்களும், 1967-ஆம் ஆண்டு 44 இடங்களும் அதற்குக் கிடைத்தன. 1971-ஆம் ஆண்டுத் தேர்தலில் அது நலிந்தது. இராஜாஜி 1972 டிசம்பர் 25-ஆம் நாள் மறைந்தார். 1974-ஆம் ஆண்டு கட்சியும் வேறொரு கட்சியோடு கலந்து மறைந்தது. 1991-ஆம் ஆண்டு பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் பெற வேண்டுமென்ற விதியை இந்திய அரசே நீக்கியது. கட்சி அழிந்தும் அதன் வாதம் அழியவில்லை.

இவ்வரலாறு மாணவர்களுக்கு உணர்த்துவது யாது? இராஜாஜி கட்டவிழ்த்த உணவுக் கட்டுப்பாடு மக்களுக்கு நன்மை தந்தது. மேலிருந்து சுமத்திய இந்தியும் கல்வித் திட்டமும் வேரூன்றவில்லை. அறிவிலும் நேர்மையிலும் சிறந்த ஒருவரே, மக்களைக் கலக்காது ஆணையிட்டபோது இடறினார் என்றால், அதிகாரத்திற்கு எல்லை வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றன்றோ?

ஆனால் எல்லை என்பது கடமையைக் கைவிடுவதன்று. பள்ளியும் மருத்துவமும் எளியவர்க்கு எட்டாத நாட்டில், அரசு விலகி நிற்பது வலியவர்க்கே துணையாகும். அரசு சிறிதாக இருக்க வேண்டுமானால் மக்களின் பொறுப்புணர்ச்சி பெரிதாக வேண்டும். புதுப்பாளையத்தில் நூலுக்குக் கூலி தந்து, நோய்க்கு மருந்து தந்து தொண்டு செய்தோர் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். அரசு குறைவாகச் செய்யட்டும் என்று சொல்பவர், தாம் எவ்வளவு செய்ய ஆயத்தமாக இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.