முகலாய அரசவையில் கிறித்தவ அச்சோவியங்கள்

முகலாய அரசவையில் கிறித்தவ அச்சோவியங்கள் என்பது 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெரும்பாலும் இயேசு சபைத் துறவிகள் வழியாக வட இந்தியாவை அடைந்த ஐரோப்பியச் செப்புத்தகட்டு அச்சுகளைக் குறிக்கும். இவை விவிலியக் காட்சிகளையும் புனிதர்களையும் சித்தரித்தன. இவற்றுள் பல, மறுமலர்ச்சிக் கால ஓவியர்களின் ஆக்கங்களைத் தழுவியவை. மூல ஓவியங்களை நேரில் காணாத முகலாய ஓவியர்கள் இவ்வச்சுகளின் மூலமே அவற்றின் வடிவங்களை அறிந்தனர்.

செய்முறை

செப்புத்தகட்டில் கூரிய உளியால் கோடுகளைச் செதுக்குவது ஒரு முறை. மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, கீறிய இடங்களை அமிலத்தால் அரிக்கச் செய்வது மற்றொரு முறை. பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். ஒரே தகட்டிலிருந்து பல படிகளை எடுக்க இயலும். ஆனால் மூல ஓவியத்தின் வண்ணம் இதில் இராது; ஒளியும் நிழலும் கோடுகளால் மட்டுமே காட்டப்படும். தகட்டில் உள்ளபடியே வரைந்தால், அச்சில் படம் இடவலமாக மாறித் தோன்றும்.

இந்தியாவுக்கு வருகை

அக்பரின் அழைப்பை ஏற்று, ருடால்ஃப் அக்வவீவா, அந்தோணி மொன்செராத் ஆகியோர் அடங்கிய இயேசு சபைக் குழு கோவாவிலிருந்து புறப்பட்டு 1580இல் பத்தேப்பூர் சிக்ரியை அடைந்தது. ஆன்ட்வெர்ப் நகரில் கிறித்தோபர் பிளான்டின் அச்சிட்ட பன்மொழி விவிலியத்தை அக்குழு அக்பருக்கு அளித்தது. அந்நூலின் முகப்புப் படத்தில் சிங்கம், எருது, ஓநாய், ஆட்டுக்குட்டி ஆகியவை ஒன்றாக நிற்கின்றன. அக்பர் மதம் மாறுவார் எனக் குழுவினர் எதிர்பார்த்தனர். அது நிறைவேறாமல் 1583இல் அக்வவீவா கோவா திரும்பினார். எனினும் படங்கள் அரசவையில் நிலைத்தன.

ஓவியர்களும் ஆக்கங்களும்

* கேசு தாஸ்: இவர் வரைந்த புனித ஜெரோம் ஓவியம் பாரிசின் கிமே அருங்காட்சியகத்தில் உள்ளது. இதற்கு மூலம் மாரியோ கார்த்தாரோ 1564இல் செதுக்கிய அச்சு. அவ்வச்சில் உள்ள உருவமோ, மைக்கலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் தீட்டிய, மதுமயக்கத்தில் சாய்ந்து கிடக்கும் நோவாவின் உருவத்தைத் தழுவியது. இவ்வாறு உரோமையின் நோவா, அச்சில் ஜெரோமாக மாறி, முகலாய வண்ணத்தில் மீண்டும் உயிர் பெற்றார்.
* அபுல் அசன்: ஆல்பிரெக்ட் டியூரர் 1511இல் செதுக்கிய சிலுவைக் காட்சியிலிருந்து புனித யோவானின் உருவத்தை மட்டும் 1600ஆம் ஆண்டளவில் பிரித்து வரைந்தார். அப்போது அவருக்கு வயது 13. இது ஆக்சுபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

தாக்கம்

நிழலிட்டு உருவத்தைத் திரட்சியாகக் காட்டுதல், தொலைவைச் சிறிதாக்கிக் காட்டுதல் ஆகிய உத்திகளை முகலாய ஓவியர்கள் இவ்வச்சுகளிலிருந்து கற்றனர். சகாங்கீர் காலத்து அரச உருவப்படங்களில் தலையைச் சுற்றிக் காணப்படும் ஒளிவட்டமும், சிங்கமும் ஆடும் அருகருகே இருக்கும் காட்சியும் இத்தாக்கத்தைக் காட்டுகின்றன. சமயப் பரப்பலுக்காகக் கொண்டுவரப்பட்ட சின்னங்கள், நீதியான ஆட்சியின் சின்னங்களாக இங்கே புதுப்பொருள் பெற்றன.

இவற்றையும் பார்க்கவும்

* முகலாய ஓவியம்
* இயேசு சபை
* மறுமலர்ச்சி