சுனிதி சாலமனும் திருச்சபை கேட்கத் தவறிய வினாவும்

மாந்தரின் பாலுறவு வாழ்வு அறிவியல் ஆய்வுக்குரிய பொருளாகுமோ என்னும் வினா எழுந்தபோதெல்லாம் திருச்சபை தயங்கியே நின்றிருக்கிறது. அமெரிக்காவில் ஆல்பிரட் கின்சி 1948இலும் 1953இலும் தம் ஆய்வு நூல்களை வெளியிட்டபோது சமயத் தலைவர் பலர் கடுமையாக எதிர்த்தனர். நம் நாட்டில் அவ்வினாவைத் தவிர்க்கவொண்ணாததாக்கியவருள் முதன்மையானவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த டாக்டர் சுனிதி சாலமன் ஆவார்.

எய்ட்ஸ் மேலைநாட்டு ஒழுக்கக்கேட்டின் விளைவு, குடும்பநெறி போற்றும் இந்தியாவை அது அணுகாது என்பதே அந்நாளைய பொதுக்கருத்து. அக்கருத்தை ஆராயாமல் ஏற்க அவர் இசையவில்லை. 1986இல் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, சென்னைக் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளரிடம் குருதி மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு இரயிலில் எடுத்துச் சென்றார். ஆறு பெண்களிடம் எச்.ஐ.வி. தொற்று காணப்பட்டது. இந்தியாவில் இத்தொற்றுக்குக் கிடைத்த முதற்சான்று இதுவே.

இதனினும் நம்மைச் சிந்திக்கச் செய்வது பின்னர் வந்த ஆய்வு. 1993இல் சுனிதி அம்மையார் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, பரிசோதனையோடு ஆற்றுப்படுத்தலையும் இணைத்தார். அங்கு வந்த பெண்களைக் குறித்து அவரும் உடனாய்வாளரும் 2000இல் வெளியிட்ட கட்டுரை, தொற்றுற்றோரில் பெரும்பாலோர் கணவர் ஒருவரையன்றி வேறெவரையும் அறியாதவர் எனக் காட்டிற்று. அவர்களுக்கு இடர் வந்த வழி திருமணமே. இதன்பின், பாலுறவுபற்றிய ஆய்வு ஒதுக்கப்பட்ட சிலரைமட்டும் நோக்கியதாய் நிற்க இயலவில்லை. நம் ஆலயங்களில் மணமுடிக்கும் இல்லங்களையும் அது நோக்க வேண்டியதாயிற்று.

நான் வாழும் மேடவாக்கம், வேளச்சேரி–தாம்பரம் சாலையில் உள்ளது. வடக்கே தரமணியில் அந்நிறுவனம் பணியாற்றிற்று. மேற்கே, 1928இல் டாக்டர் சவரிமுத்து காசநோயாளர்க்கென நிறுவிய தாம்பரம் சானடோரியம், எச்.ஐ.வி. நோயாளர்க்கும் புகலிடமாயிற்று, 2004 ஏப்ரலில் அரசு கூட்டுமருந்துச் சிகிச்சையை இலவசமாய்த் தொடங்கிய முதல் மையங்களுள் அதுவும் ஒன்று. இவ்விரண்டிற்கும் இடையே ஆயர்பணி செய்த நானோ, அடக்க ஆராதனைகளில் நோயின் பெயரைச் சொல்லாது விட்டு, விதவையின் முகத்தைப் பாராமலே திரும்பியதுண்டு.

இங்கே வேறொரு தவற்றுக்கும் இடமுண்டு. மனைவியர் குற்றமற்றவர், அந்த ஆறு பெண்களோ தம் வினைப்பயனைத் துய்த்தவர் என்று பிரித்துரைப்பது எளிது. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில், யார் செய்த பாவம் என்று சீடர் வினவியபோது, ஆண்டவர் அவ்வினாவையே புறக்கணித்தார். சுனிதி அம்மையாரும் பாவத்தை யார்மீது சுமத்துவது என்று ஆராயவில்லை. தொற்று எவ்வழியே பரவுகிறது, யாருக்கு உதவி வேண்டும் என்றே ஆராய்ந்தார். அறிவியல் நமக்கு ஒழுக்கநெறியை வகுத்துத் தருவதில்லை என்பது மெய்யே. எனினும் நெறியின் பெயரால் அயலானுக்கு விரோதமாக நாம் சொன்ன பொய்ச்சாட்சியை அது வெளிப்படுத்திற்று.

அவர் 2015இல் மறைந்தார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இறையியல் மாணவர்கள் அவர்க்குச் செலுத்தும் நன்றி, திருமண ஆயத்த வகுப்புகளில் பாலுறவையும் பரிசோதனையையும் பற்றிக் கூசாமல் பேசக் கற்பதாக அமைவதே தகும்.